வடசென்னையில் ஒரு மாதம் தினமும் ஓட எந்த இடம் தோது?

ஒரு மாதம் விடாமல் தினமும் ஓட வேண்டும், அதுவும் ஒரே இடத்தைச் சுற்றிக்கொண்டிருக்காமல் ஊரின் பல மூலைகளில் ஓட வேண்டும் என்ற ஆசை இப்போது எங்கள் பக்கத்திலும் பரவிவிட்டது. வருஷம் பிறந்தால் வரும். டாக்டர் சர்க்கரை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து நம் முகத்தைப் பார்த்தாலும் வரும். நல்ல ஆசைதான். ஆனால் ஓட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மெரினாவையும் பெசன்ட் நகரையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். காசிமேட்டு மீன் வண்டி, துறைமுகத்துக்கு வரிசைகட்டும் கன்டெய்னர் லாரி, மணலித் தொழிற்சாலைக் காற்று, மெட்ரோ பள்ளம் இத்தனைக்கும் நடுவில் இருக்கிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையும், இந்தப் பக்கம் பெரம்பூர், மாதவரம் வரையும் இருக்கிற இடங்களை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இடத்துக்கு முன்னால் முறையை முடிவு செய்ய வேண்டும். மூன்று விதமாகச் செய்யலாம். மாதம் முழுக்க ஒரே இடம். அல்லது தினம் ஒரு புது இடம். அல்லது வீட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களை வைத்துக்கொண்டு, தூரத்து இடங்களை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்குவது. நான் மூன்றாவது கட்சி.

தினம் ஒரு புது இடம் என்பது கேட்க நன்றாக இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் தண்டையார்பேட்டையில் இருப்பவர் மாதவரம் போய் ஓட வேண்டுமென்றால் வண்டி எடுக்க வேண்டும், அதை நிறுத்த இடம் தேட வேண்டும், ஓடி முடித்து நனைந்த சட்டையோடு திரும்ப வேண்டும். இருபது நிமிட ஓட்டத்துக்கு ஐம்பது நிமிடப் பயணம். முதல் வாரம் உற்சாகத்தில் அது தெரியாது. இரண்டாவது வாரம் தண்ணீர் லாரி வரும் நாள், பிள்ளைக்குப் பரீட்சை, நைட் ஷிப்ட் என்று ஏதோ ஒன்று வந்து அந்த ஐம்பது நிமிடத்தில்தான் முதலில் கைவைக்கும். நான் பார்த்தவரை கால் வலித்து நிறுத்துகிறவர்களைவிட, கிளம்ப முடியாமல் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம்.

ஒரே இடம் என்றால் கிளம்புவது சுலபம், ஆனால் அதற்கு வேறு தொல்லை உண்டு. நம் பக்கத்து மாநகராட்சிப் பூங்காக்களில் நடைபாதையின் சுற்று சின்னது. 250 மீட்டர் சுற்று என்று வைத்துக்கொண்டால் 3 கிலோமீட்டருக்கு 12 சுற்று. எல்லாரும் ஒரே திசையில் போவார்கள், நீங்களும் அதே திசை. தினமும் ஒரே பக்கமாகத் திரும்பித் திரும்பி, ஒரே சிமென்ட் தரையில் கால் பதித்தால் ஒரே தசைநாருக்கும் ஒரே மூட்டுக்கும் அடி விழுந்துகொண்டே இருக்கும். இடத்தை மாற்றுவதன் உண்மையான லாபம் இதுதான். மண் தரை, தார், லேசான ஏற்றம் என்று மாறும்போது பாரமும் மாறி மாறி விழும். சலிப்புத் தட்டாமல் இருப்பது கூடுதல் லாபம்.

எவ்வளவு ஓடுவது?

கிலோமீட்டரை விட்டுவிட்டு நிமிடத்தில் கணக்கு வையுங்கள் என்பேன். விடாமல் தினமும் ஓடுகிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு ஒரு மைல், அதாவது 1.6 கிலோமீட்டர். மெதுவாகப் போனாலும் பன்னிரண்டு, பதிமூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே போதும். பழக்கம் உள்ளவருக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம். தினமும் 5 கிலோமீட்டர் என்று சபதம் போட்டால் மூச்சு ஒத்துழைக்கும், எலும்பு ஒத்துழைக்காது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக அதைவிட நெடுநாள் பிடிக்கும். முன்னங்கால் எலும்பு ஓரத்தில் வரும் வலியும் குதிகால் வலியும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன.

இங்கிலாந்தின் மாரத்தான் வீரர் ரான் ஹில் 1964 டிசம்பரில் தொடங்கி 2017 ஜனவரி வரை, 52 வருஷத்துக்கும் மேல், ஒரு நாள்கூட விடாமல் ஓடியவர். 1970 பாஸ்டன் மாரத்தானில் ஜெயித்தவர். கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஊன்றுகோலோடுகூட அந்த ஒரு மைலைக் கடந்திருக்கிறார். அதெல்லாம் நமக்கு வேண்டாம். அந்தக் கதையில் நமக்கு வேண்டியது கடைசிப் பகுதி: 78 வயதில் ஓடும்போது நெஞ்சு வலித்ததும் அவரே நிறுத்திவிட்டார். நாற்பது தாண்டியவர்கள், பிபி, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தொடங்குமுன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பாக்கெட்டில் குளுக்கோஸோ கடலை மிட்டாயோ வைத்துக்கொள்வது கட்டாயம்.

ஷூ பற்றி ஒரு வரி. ஒரு ஜோடி ஓட்ட ஷூ பொதுவாக 500 கிலோமீட்டருக்கு மேல் உழைக்கும் என்பார்கள். தினமும் 3 கிலோமீட்டர் ஓடினாலும் மாதத்துக்கு 90தான். சுமாரான ஓட்ட ஷூ ஏற்கெனவே வீட்டில் இருந்தால் புதிதாக வாங்க ஓட வேண்டாம்.

எந்த மாதம்?

மார்கழியும் தையும்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. மார்கழியில் தெருவில் கோலம் போடுகிறவர்கள் விடியுமுன்பே எழுந்திருப்பார்கள். கோயில் ஸ்பீக்கர் உங்களுக்கு அலாரம். இருட்டில் நீங்கள் மட்டும் தனியாக ஓடுகிற உணர்வு இருக்காது. ஒரே இடைஞ்சல் போகி. அன்று காலை டயர் புகை முகத்தில் அடிக்கும். புகைமூட்டத்தில் மீனம்பாக்கத்தில் விமானங்களே தாமதமான வருஷங்கள் உண்டு. போகியன்று சாயங்காலம் ஓடுங்கள், அல்லது வீட்டு மொட்டை மாடியில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் கழித்துவிடுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் வேண்டாம். உடம்பு வெயிலுக்குப் பழகவே ஒன்று இரண்டு வாரம் ஆகும், அதற்குள் பாதி மாதம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மழையில் நனைவதில் ஒன்றும் இல்லை, தேங்கிய தண்ணீரில் கால் வைப்பதுதான் ஆபத்து. சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் அதில்தான் வரும், மூடி போன பாதாளச் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதைப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆடியில் வெயில் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆனால் தெருவுக்குத் தெரு அம்மன் பந்தல் போட்டிருப்பார்கள். ஓடும் வழி வாரத்துக்கு ஒருமுறை மாறும்.

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

தென்சென்னைக்காரர் கேட்கவே தேவையில்லாத கேள்வி இது. நமக்கு இதுதான் முதல் கேள்வி.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்றை இழுக்கிறோம். ஓடும்போது அது 40, 50 லிட்டரைத் தாண்டும். அதோடு மூக்கை விட்டு வாயால் இழுக்கிறோம். அதனால் தெருவில் நடந்து போகிறவருக்குப் பரவாயில்லாத காற்று ஓடுகிறவருக்குப் பரவாயில்லை என்று ஆகிவிடாது.

கடற்கரை ஊரில் காற்றுக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. ராத்திரியிலும் விடியற்காலையிலும் பெரும்பாலும் தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். வெயில் ஏறிய பிறகு திரும்பி, கடலிலிருந்து உள்ளே வரும். இப்போது வரைபடத்தை மனதில் விரியுங்கள். திருவொற்றியூருக்கு மேற்கே மணலி. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைக்கு மேற்கே கொடுங்கையூர்க் குப்பைமேடு. காலையில் ஓடினால் மணலி வாசம் திருவொற்றியூருக்கும், குப்பைமேட்டு வாசம் கொருக்குப்பேட்டைக்கும் வரும். சாயங்காலம் அதே வாசம் திரும்பி மாதவரம், எம்.கே.பி. நகர்ப் பக்கம் போகும். குளிர்காலத்தில் காற்று அசையாத விடியலில் புகை மேலே எழும்பாமல் தரையோடு தங்கும். வெளிச்சம் வந்து ஒரு மணி நேரம் கழித்து ஓடினால் கொஞ்சம் தேவலை, ஆனால் அதற்குள் வண்டிகள் கிளம்பிவிடும்.

ஆகவே எளிய வழி: கடலோரமாக இருப்பவருக்குச் சாயங்காலம், மாதவரம், பெரம்பூர்ப் பக்கம் இருப்பவருக்குக் காலை. வேலை நேரம் இடம் கொடுத்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம். இடம் கொடுக்காவிட்டால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள். மணலி, கொடுங்கையூர், ராயபுரம் மூன்று இடத்திலும் கண்காணிப்பு நிலையம் இருக்கிறது. காற்றுத் தரக் குறியீடு 100-க்குள் இருந்தால் ஓடலாம். 100-க்கும் 200-க்கும் நடுவில் என்றால் நேரத்தைக் குறைத்து மெதுவாக. 200-ஐத் தாண்டினால் அன்று வீட்டுக்குள்ளேயே நின்ற இடத்தில் ஓடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு 100-ஏ எல்லை. இந்த எல்லைகள் என் கணக்கு, உங்கள் நுரையீரலுக்கு வேறு கணக்கு இருக்கலாம்.

இடங்கள்

கடலோரத்தில் ஓட வேண்டும் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நமக்குக் கடல் இருக்கிறது, கரைதான் இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டியபோது கடலுக்குள் சுவர் நீட்டினார்கள். இந்தக் கரையில் மணல் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சுவர் அதைத் தடுத்ததும் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே வர வேண்டிய மணல் வராமல் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் கரையை அரித்தது. அதனால்தான் மெரினாவில் கடலைத் தொடப் பத்து நிமிடம் நடக்க வேண்டியிருக்கிறது, இங்கே சாலையோரம் கருங்கல்லும், அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிய கல் சுவர்களான தூண்டில் வளைவும்தான். தூண்டில் வளைவுகளின் இடுக்கில் அங்கங்கே கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அந்த மணலில் ஓட ஆசைப்படுகிறவர்கள் முதல் வாரத்தில் ஆசைப்பட வேண்டாம். உதிரி மணலில் ஓடக் கெட்டித் தரையைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், கெண்டைக்கால் மறுநாள் பதில் சொல்லும்.

எண்ணூர் விரைவுச் சாலையைப் பொறுத்தவரை என் தீர்ப்பு கறாரானது: அது காட்சிக்கு நல்லது, ஓடுவதற்கு இல்லை. துறைமுகத்தின் ஜீரோ கேட்டை நோக்கி டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும் நாளில் டீசல் புகையும் தூசும்தான் மிச்சம். வரிசை இல்லாத நாளில் அதே டிரெய்லர்கள் வேகமாக வரும், அது இன்னும் மோசம். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் ஊரே மீன் வாங்க வந்து நிற்கும், ஐஸ் தண்ணீரில் தரை வழுக்கும், அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவே வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கூட்டம் குறையும். என்ன செய்வது, அது கோடை.

எண்ணூர் முகத்துவாரம் ஒருமுறையாவது போக வேண்டிய இடம். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் வலை வீசுகிறவர்களையும், அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் இங்கேதான். அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் ராத்திரியில் வீட்டை விட்டு ஓடியதையும் ஊர் மறக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு போய் ஓடிவிட்டு வரலாம். தினமும் ஓடும் இடமாக வைக்க மாட்டேன். போகும்போது ஓடி, திரும்பும்போது எண்ணூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயில் ஏறிவிடலாம். ரயிலில் நம் பக்கத்தில் உட்காருகிறவருக்குத்தான் கஷ்டம். ஒரு மாற்றுச் சட்டை பையில் இருக்கட்டும்.

இதே யோசனையை மெட்ரோவோடும் செய்யலாம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் திறந்த நீட்டிப்பு சுமார் 9 கிலோமீட்டர். டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று வரிசையாக ஸ்டேஷன்கள். ஓட முடிந்த தூரம் ஓடுவது, களைத்த இடத்தில் ஏறித் திரும்புவது. புதிதாக ஓடுகிறவருக்கு இது பெரிய தைரியம், ஏனென்றால் எங்கே நின்றாலும் வீட்டுக்கு வழி இருக்கிறது. டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) பஸ் நெரிசல் தொடங்குமுன் முடித்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

திருவொற்றியூரில் இருப்பவருக்கு என் முதல் தேர்வு தியாகராஜர் கோயிலின் மாட வீதிகள். சுற்றி வந்தால் ஒரு நல்ல சுற்று, பாதை தெரிந்தது, விடியலிலேயே பூக்கடையும் டீக்கடையும் திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருப்பதால் பெண்களுக்கும் தயக்கம் இருக்காது. பௌர்ணமியன்று மட்டும் தவிர்க்கவும். மேலூர் திருவுடையம்மன், இங்கே வடிவுடையம்மன், வடதிருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் தரிசிக்கக் கிளம்பும் கூட்டத்தில் நடக்கவே இடம் கிடைக்காது. மாசிப் பிரம்மோற்சவத்திலும் அப்படித்தான். இன்னொன்று, கோயிலைச் சுற்றுகிறவர்களுக்கு எதிர்த் திசையில் ஓடாதீர்கள். தரையும் சரியாகத் தெரியாது, திட்டும் விழும்.

பூங்காவா, மைதானமா என்றால் எனக்கு மைதானம். வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கத்து மண் மைதானங்களில் விடியலில் கால்பந்துப் பையன்கள் வந்துவிடுவார்கள். அவர்கள் ஆடும் இடத்தின் ஓரமாக, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் சுற்றி வந்தால் முழங்காலுக்கு மண் தரை கிடைக்கும், கூடவே இலவசமாக ஆட்டமும். பந்து வந்தால் திருப்பி உதைக்க வேண்டும், அது வாடகை. மழை பெய்த மறுநாள் குழியும் சேறுமாக இருக்கும், கணுக்கால் பிசகும், அன்று பூங்காவுக்குப் போய்விடலாம்.

பூங்காக்களில் ராயபுரம் ராபின்சன் பூங்காவைச் சொல்லலாம். இப்போது அறிஞர் அண்ணா பூங்கா. 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் திமுக தொடக்கக் கூட்டம் நடந்தது இங்கேதான். ஓடுவதற்கு அது எந்த விதத்திலும் உதவாது, ஆனால் வேற இடம் வேற கதை என்று கிளம்பியவருக்குச் சுவாரசியம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ராயபுரம் ரயில் நிலையம், தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பிய இடம். இரண்டையும் சேர்த்து ஒரு வழி போட்டுக்கொள்ளலாம். பூங்காவுக்குள் காலை ஆறரைக்கு மேல் நடைக்காரர்கள் மூன்று பேராக வரிசைகட்டி அரசியல் பேசிக்கொண்டு போவார்கள், விலகச் சொல்ல முடியாது. விடிவதற்குள் போக வேண்டும்.

பெரம்பூர்ப் பக்கத்துக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப், ரயில்வே குடியிருப்புப் பக்கத்துச் சாலைகளில் பழைய மரங்கள் இருக்கின்றன, நிழல் இருக்கிறது, லாரி கிடையாது. 1955-ல் தொழிற்சாலை வந்தபோது சேர்ந்து வந்த ஊர் அது, சாலையை அகலமாகப் போட்டிருக்கிறார்கள். வடசென்னையில் ஒரு மாதம் முழுக்க ஒரே இடத்தில்தான் ஓடுவேன் என்று யாராவது அடம்பிடித்தால் இங்கே போகச் சொல்வேன். மாதவரம் பால் பண்ணைச் சாலைகளும் இதே ரகம், ஆவினும் கால்நடைப் பல்கலைக்கழகமும் இருக்கிற பக்கம் பச்சை இன்னும் மிச்சமிருக்கிறது. ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை மாதவரத்திலும் பெரம்பூரிலும் நடப்பதால் நல்ல சாலை திடீரென்று தடுப்புத் தகரத்தில் போய் முட்டும். முந்தின நாளே வண்டியில் ஒரு சுற்றுப் போய் வழியைப் பார்த்துவிடுவது நல்லது.

நம் ஊர் முழுக்கச் சமதரை. ஏற்றம் வேண்டுமென்றால் மேம்பாலம்தான் மலை. பெரம்பூர் முரசொலி மாறன் மேம்பாலத்தில் வாரத்தில் ஒரு நாள், வெளிச்சம் வரும் நேரத்தில், ஓடி ஏறி நடந்து இறங்கலாம். இறங்கும்போது ஓடினால் முழங்காலுக்குப் பாரம் அதிகம். பாலத்தில் ஓரமாக, எதிரே வரும் வண்டி கண்ணில் படும் பக்கத்தில் ஓட வேண்டும். காதில் இயர்போன் கூடவே கூடாது. ஏழு மணிக்கு மேல் இந்த யோசனையையே மறந்துவிடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஜார்ஜ் டவுன். வார நாளில் கைவண்டியும் மீன்பாடி வண்டியும் மூட்டையும் மனிதனுமாகப் பிதுங்கும் தெருக்கள் அன்று காலி. தங்கசாலையில் இறங்கி, தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயிலைத் தாண்டி, ராஜாஜி சாலைக்கு வந்து, 1884-ல் கட்டிய ஜெனரல் போஸ்ட் ஆபீஸின் முன்னாலும், ஸ்டேட் பேங்க் கட்டடத்தின் முன்னாலும் ஓடலாம். கட்டடங்களை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு ஓட ஆசை வரும். தரையைப் பாருங்கள், நடைபாதைக் கல் பல இடத்தில் பெயர்ந்து கிடக்கும். சனிக்கிழமை ராத்திரிக் குப்பை அள்ளுமுன் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும், ஆறரை மணிக்கு மேல் சரியாக இருக்கும்.

மெரினாவா? நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் நல்ல நடைபாதை, நல்ல கூட்டம், எல்லாம் உண்டு. ராயபுரத்துக்காரருக்கு ஒத்துவரலாம். விம்கோ நகரிலிருந்து தினமும் அங்கே போவது ஓட்டம் இல்லை, வேலைக்குப் போவது.

நாய், இருட்டு, பேச்சு

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். ஓடுகிறவரிடம் இதைச் சொல்வது வேடிக்கைதான், ஆனால் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு மெல்ல நடந்தால் பெரும்பாலான நாய்கள் விட்டுவிடும். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட வேண்டும். இரண்டு நாள் பார்க்கலாம் என்பதே கிடையாது. தினமும் ஒரே தெருவில் ஓடினால் நாய்களுக்கு நாம் பழகிவிடுவோம். புது இடத்துக்கு நாம் புது ஆள். பக்கத்து இரண்டு இடங்களையே நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்களுக்குக் காலி சாலையைவிடக் கூட்டமான மாட வீதியோ பூங்காவோ நல்லது. மரமும் நிழலும் இரண்டாம்பட்சம். இன்னும் ஒருத்தர் சேர்ந்தால் எல்லா இடமும் திறக்கும். பக்கத்து வீட்டு அக்காவை நடைக்காவது இழுத்துக்கொண்டு போங்கள், நீங்கள் ஓடிப் போய்த் திரும்பி வந்து அவரோடு சேர்ந்துகொள்ளலாம். "இன்னா தலீவா, எவனாச்சும் தொரத்துறானா?" என்று டீக்கடையிலிருந்து குரல் வருவது ஆண் பெண் எல்லாருக்கும் உண்டு. நாலு நாள் ஆனால் அதே குரல் "இன்னா, நேத்து காணோம்?" என்று கேட்கும்.

கடைசியாக, கிளம்புகிற இடத்தை வைத்து ஒரு திட்டம். ராயபுரம், வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைக்காரர் வார நாளில் பக்கத்து மைதானத்தையும் ராபின்சன் பூங்காவையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, ஞாயிறுகளில் ஜார்ஜ் டவுன், டி.எச். ரோடு, எண்ணூர், ஐசிஎஃப் என்று போகலாம். திருவொற்றியூர்க்காரருக்கு மாட வீதியும் காற்று நன்றாக இருக்கும் சாயங்காலத்தில் கடலோரத் தெருக்களும். விரைவுச் சாலையில் இறங்காமல் உள்ளே ஓட வேண்டும். பெரம்பூர், வியாசர்பாடிக்காரருக்கு ரயில்வே சாலைகளும் மண் மைதானமும், வாரம் ஒருமுறை மேம்பாலமும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவர் தூங்கி எழுந்து சாயங்காலம் ஓடட்டும், தூக்கம் இல்லாத உடம்போடு விடியலில் ஓடி நாளைக் கணக்கு வைக்க வேண்டாம்.

நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாக ஓடுவதைத்தான் பலர் செய்கிறார்கள், அது காலுக்குக் கேடு. மாதக் கடைசியில் ஒரு நாள் கூட்டிக்கொண்டால் போதும். காய்ச்சல் இருந்தால் ஓடவே கூடாது, டெங்குக் காலத்தில் ரத்தப் பரிசோதனை முடியும்வரை நடையும் வேண்டாம். எலும்பில் ஒரே இடத்தில் விரலால் அழுத்தினால் சுரீர் என்று வலித்தாலோ, வலியால் நடையே மாறினாலோ அன்றே நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள். சும்மா தொடை இறுக்கம், கெண்டைக்கால் வலி என்றால் அன்று மெதுவாக அந்த ஒரு மைல் மட்டும், அதுவும் வீட்டுக்குப் பக்கத்து இடத்தில்.